வானத்து நீர் – 9: வறட்சியில் வந்த பணம்

சென்ற அத்தியாயத்தை டெக்சாஸ் புல்வெளியில், வெடிமருந்துப் புகைக்கு நடுவே நிறுத்தியிருந்தோம். வானத்தை அதிரவைத்தால் மழை கொட்டும் என்று நம்பிய டைரன்ஃபோர்த்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகை 9,000 டாலர். 1891இல் அவர் வெடித்த வெடிகளால்தான் மழை வந்தது என்று யாராலும் நிறுவ முடியவில்லை. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் வாஷிங்டன் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மறுபடி அதை இழுத்துவந்தது ஓர் ஐஸ்பெட்டி.

நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்ற ஊர். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அங்கே இருந்தது. அதன் பெரிய தலை இர்விங் லாங்மியூர், 1932இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய உதவியாளர் வின்சென்ட் ஷேஃபர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். குடும்பச் சுமைக்காக அதே நிறுவனத்தின் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்து, கைவேலையின் நேர்த்தியால் லாங்மியூரின் கண்ணில் பட்டவர். இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களின் மேல் பனி படிவதைப் பற்றி ஆராய இருவரும் வாஷிங்டன் சிகரத்தில் குளிர்காலங்களைக் கழித்தார்கள். அந்த மலையுச்சியைச் சூழ்ந்த மேகங்கள் அவர்களைத் திகைக்க வைத்தன. உறைநிலைக்குக் கீழே பல பாகை குளிர்ந்திருந்தும் அவற்றிலிருந்தவை பனித்துகள்கள் அல்ல, நீர்த்துளிகள். ஏதேனும் ஒரு பொருளில் பட்ட கணத்தில்தான் அவை உறைந்தன.

இந்த அத்தியாயம் முழுவதும் நிற்பது அந்தக் குளிர்ந்த துளிகளின் மேல்தான். தூய நீரின் சின்னஞ்சிறு துளி உறைவதற்கு ஒரு கரு வேண்டும். மண்துகளோ உப்போ, ஏதாவது ஒன்று பனியின் அடுக்கமைப்பைத் தொடங்கிவைக்க வேண்டும். அது இல்லையென்றால் சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 பாகைவரை துளி நீராகவே மிதந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட மேகத்துக்குள் ஒரு பனித்துகள் பிறந்துவிட்டால் போதும். சுற்றியுள்ள ஈரத்தை அது தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். துளிகள் வற்ற வற்ற அது பருக்கும். பாரம் தாங்காமல் கீழே விழும். கருவில்லாத மேகத்துக்குக் கரு கொடுப்பதே மேக விதைப்பு. இல்லாத மேகத்தை அது உண்டாக்காது. இருக்கிற மேகத்திலிருந்து, மலையைத் தாண்டிப் போய்விடக்கூடிய ஈரத்தில் ஒரு பங்கைக் கீழே இறக்கப் பார்க்கும், அவ்வளவுதான். இதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘செயற்கை மழை’ என்று விளம்பரப்படுத்தியதால் பிற்காலத்தில் வந்த ஏமாற்றங்கள் கொஞ்சமல்ல.

1946 ஜூலையில் ஷேஃபர் ஓர் உறைபெட்டியின் உட்புறத்தில் கறுப்பு வெல்வெட் துணி ஒட்டி, அதற்குள் தன் மூச்சை ஊதி, சிறு மேகம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். எதைத் தூவினாலும் பனி பிறக்கவில்லை. வெயில் கடுமையான ஒரு நாளில் பெட்டி போதிய அளவு குளிரவில்லை என்று உலர்பனிக்கட்டி ஒன்றை உள்ளே வைத்தார். விளக்கொளியில் பெட்டி முழுவதும் பனித்துகள்கள் மினுங்கின. கைப்பிடி மண்ணால் ஆகாதது கடுங்குளிரால் ஆகிவிட்டது. சுழியத்துக்குக் கீழே 78 பாகையிலிருந்த உலர்பனியின் அருகில், கரு இல்லாமலேயே துளிகள் உறைந்துவிட்டன.

நவம்பர் 13 அன்று சிறிய விமானம் ஒன்றில் ஏறி, மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பெர்க்‌ஷர் மலைகளுக்கு மேலிருந்த ஒரு மேகத்தில் சில ராத்தல் உலர்பனியைத் தூவினார் ஷேஃபர். சற்று நேரத்தில் மேகத்தின் அடியிலிருந்து பனி இறங்கியது. தரையைத் தொடுமுன் காற்றில் கரைந்துபோனது. ஸ்கெனெக்டடி விமான நிலையத்திலிருந்து லாங்மியூர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே மாதத்தில் பெர்னார்ட் வானகட் என்ற சக ஆய்வாளர், படிக அமைப்பில் பனிக்கு மிக நெருங்கிய பொருள் எது என்று அட்டவணைகளைப் புரட்டிப் பார்த்து வெள்ளி அயோடைடைக் கண்டுபிடித்தார். நாவலாசிரியர் கர்ட் வானகட் அவருடைய தம்பி. விமானமே வேண்டாம், தரையில் ஓர் அடுப்பில் வெள்ளி அயோடைடை எரித்துப் புகையை மலைக்காற்றில் விட்டால் போதும் என்ற நிலை அதோடு பிறந்தது. இன்றுவரை மேக விதைப்பின் முதுகெலும்பு அந்தப் புகைதான்.

கண்டுபிடிப்பு கைக்கு வந்தவுடன் நிறுவனத்தின் வழக்கறிஞர்களுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. விதைத்த பிறகு புயல் வந்து யாருக்காவது சேதம் என்றால் நட்டஈடு யார் தருவது? ஆகவே 1947 பிப்ரவரியில் இந்த வேலை அரசின் தோளுக்கு மாறியது. தரைப்படையின் சிக்னல் பிரிவு, கடற்படை ஆய்வு அலுவலகம், விமானப்படை ஆகியவை சேர்ந்து நடத்திய அத்திட்டத்தின் பெயர் புராஜெக்ட் சிர்ரஸ். விமானங்களை ராணுவமே ஓட்டும், தூவுவதும் அவர்களே. நிறுவனத்தார் ஆலோசனை மட்டும் சொல்வார்கள். மேக விதைப்பு ஆய்வில் அரசு கால்வைத்ததற்கு நீர்ப் பற்றாக்குறை முதற்காரணமாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் வழக்குப் பயமும் ராணுவத்தின் ஆர்வமுமே வாசலைத் திறந்தன.

அந்தப் பயம் வீணான பயமும் அல்ல. 1947 அக்டோபர் 13 அன்று, அட்லாண்டிக் கடலில் ஃபுளோரிடாவை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த ஒரு சூறாவளியில் நூறு கிலோவுக்கும் குறைவான உலர்பனியைத் தூவினார்கள். சூறாவளி திரும்பியது. ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரைத் தாக்கியது. விதைப்பதற்கு முன்பே அது திரும்பத் தொடங்கிவிட்டது என்றும், 1906இல் ஒரு சூறாவளி ஏறக்குறைய இதே பாதையில் போனது என்றும் பின்னர் காட்டினார்கள். ஆனால் லாங்மியூர் கடைசிவரை அது தங்கள் செயலே என்று வாதித்தார். 1949 இறுதியிலிருந்து நியூ மெக்சிகோவில் வாரந்தோறும் குறித்த நாட்களில் வெள்ளி அயோடைடு எரித்துவிட்டு, தொலைதூர ஒஹாயோ பள்ளத்தாக்கில்கூட ஏழு நாளுக்கு ஒருமுறை மழை கூடுவதாகச் சொன்னார். அரசின் வானிலைத் துறை அதை ஏற்கவில்லை. தன் பங்குக்கு நடத்திய சோதனைகளில், பொருளாதாரப் பயன் என்று சொல்லத்தக்க எதுவும் தெரியவில்லை என்றது. நோபல் பரிசாளர் ஒரு பக்கம், வானிலைத் துறை மறுபக்கம். நடுவில் எது உண்மை என்று பிரித்தறிவதற்கான முறையான சோதனை மட்டும் இல்லை. சிர்ரஸ் 1952இல் முடிந்தது.

இதற்குள் வறட்சி தன் வேலையைத் தொடங்கியிருந்தது. 1950இல் நியூயார்க் நகரத்தின் நீர்த்தேக்கங்கள் கீழிறங்கியபோது மாநகராட்சி வாலஸ் ஹவல் என்ற வானிலை அறிஞரை அமர்த்தி, கேட்ஸ்கில் மலைகளுக்கு மேல் விதைக்கச் சொன்னது. கோடைவாசத் தொழிலில் இருந்தவர்கள் மழை வந்தால் பிழைப்பு கெடும் என்று நீதிமன்றம் போனார்கள். பெருநகரத்தின் குடிநீர்த் தேவையே பெரிது என்று நீதிமன்றம் தடை மறுத்துவிட்டது. மேற்கு மாநிலங்களிலோ உழவர் சங்கங்களும் மின் நிறுவனங்களும் தனியார் விதைப்பாளர்களுக்குப் பணம் கொடுத்தன. ஒரு கட்டத்தில் நாட்டின் நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் யாரோ ஒருவர் விதைத்துக்கொண்டிருந்தார்.

இதில் அரசு என்ன செய்ய வேண்டும் என்று ஆராய 1953இல் ஒரு ஆலோசனைக் குழு அமைந்தது. ஓய்வுபெற்ற கடற்படை கேப்டன் ஹோவர்ட் ஆர்வில் அதன் தலைவர். 1957 இறுதியில் வந்த அறிக்கையில், மேற்கு மலைகளில் குளிர்காலப் புயல்களை விதைத்தால் பனிப்பொழிவு 10 முதல் 15 விழுக்காடு கூடும் என்றிருந்தது. புள்ளியியலாளர்கள் உடனே குறுக்கிட்டார்கள். கணக்குக்கு எடுத்துக்கொண்டவை எல்லாம் பணம் வாங்கிக்கொண்டு நடத்திய விதைப்புகள். எந்தப் புயலை விதைப்பது, எதை விடுவது என்று விதைப்பவரே தேர்ந்தெடுத்தவை. அவற்றிலிருந்து இப்படிப்பட்ட முடிவுக்கு வர முடியாது என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. இருந்தாலும் 10, 15 என்ற இரண்டு எண்களும் அணை கட்டுபவர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டன.

அதற்குக் காரணம் கொலராடோ ஆறு. 1922இல் ஏழு மாநிலங்கள் அந்த ஆற்றைப் பங்கிட்டுக்கொண்டபோது மேல் படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப் படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி என்று எழுதினார்கள். நம் கணக்கில் ஒவ்வொன்றும் சுமார் 327 டிஎம்சி. அந்தக் கணக்கைப் போட்ட ஆண்டுகள் வழக்கத்தைவிட நீர் கொழித்த ஆண்டுகள். காகிதத்தில் இருந்த தண்ணீர் ஆற்றில் இல்லை. மேற்கே அணைகளும் பாசனக் கால்வாய்களும் கட்டிய நடுவண் துறையான ரெக்ளமேஷன் பீரோவுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த ஆற்றின் நீரில் பெரும்பகுதி ராக்கி மலைகளின் பனி உருகி வருவது. பனியைப் பத்து விழுக்காடு கூட்ட முடிந்தால் புதிய அணை கட்டாமலே தண்ணீர் கிடைக்கும்.

1961இல் நாடாளுமன்றம் ரெக்ளமேஷன் பீரோவின் செலவுக் கணக்கில் ஒரு லட்சம் டாலரைச் சேர்த்து, மேக விதைப்பால் மழையைக் கூட்ட முடியுமா என்று ஆராயச் சொன்னது. அதிலிருந்து வளர்ந்ததுதான் புராஜெக்ட் ஸ்கைவாட்டர். சில ஆண்டுகளில் அந்த ஒரு லட்சம் பல லட்சமாயிற்று. பல்கலைக்கழகங்கள், மாநில அரசுகள், தனியார் விதைப்பாளர்கள் என்று எல்லோரையும் இணைத்து, நீர்வளத்தைப் பெருக்கவென்றே ஓர் அரசு நடத்திய மேக ஆய்வுகளில் இவ்வளவு நெடியது வேறு அதிகமில்லை. எனக்கு இந்தத் திட்டத்தின் மேல் மதிப்பு உண்டு. அதை நடத்தியவர்கள் மழையை விற்க வந்தவர்கள் அல்ல. சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் புயல்களை விதைக்காமல் விட்டு, ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமை அவர்களுக்கு இருந்தது. வறட்சியில் தவிக்கும் மாநிலத்தில், விதைக்கத்தக்க மேகம் தலைக்கு மேல் நிற்கையில், ‘இன்று சீட்டில் வரவில்லை, விதைக்க மாட்டோம்’ என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

அப்படியும் விடை கிடைக்காமல் போனதற்கு வானமே காரணம். ஒரு புயலுக்கும் அடுத்த புயலுக்கும் இயற்கையிலேயே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபாடு இருக்கும்போது, விதைப்பால் கூடிய பத்து விழுக்காட்டை அதற்குள் தேடிப்பிடிப்பது சந்தைக்கூட்ட இரைச்சலில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்றது. ஒன்றிரண்டு குளிர்காலங்கள் போதாது. பல பத்தாண்டுப் புயல்கள் வேண்டும். கொலராடோவின் கிளைமேக்ஸ் என்ற இடத்தில் அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் கிராண்ட் 1960 முதல் 1970 வரை இரண்டு கட்டமாக நடத்திய சோதனை நம்பிக்கையூட்டும் விடை தந்தது. மேகத்தின் மேற்பகுதி மிதமான குளிரில் இருந்த நாட்களில் பனி கூடியது. கடுங்குளிர் நாட்களில் கூடவில்லை, குறையவும் செய்தது என்றது அந்த முடிவு. அதை நம்பி, 1970 முதல் 1975 வரை கொலராடோவின் தென்மேற்கே சான் வான் மலைகளில் பீரோ ஒரு முன்னோடித் திட்டம் நடத்தியது. கிளைமேக்ஸில் கண்டதை இங்கே மறுபடி காட்ட முடியவில்லை. இன்றைய மேகம் விதைக்கத் தகுந்ததா என்று முன்கூட்டிக் கணிப்பதிலேயே பிழை நேர்ந்தது. தகாத நாட்கள் தகுந்த நாட்களாகக் கணக்கில் ஏறிவிட்டன. பின்னாளில் கிளைமேக்ஸ் முடிவுகளையும் வேறு ஆய்வாளர்கள் திரும்பக் கணக்கிட்டுக் கேள்விக்குள்ளாக்கினார்கள்.

சான் வான் திட்டத்தில் பாராட்டத்தக்க இன்னொன்று உண்டு. கூடுதல் பனியால் காட்டுக்கும் விலங்குகளுக்கும் என்ன ஆகும், சில்வர்ட்டன் போன்ற மலைச் சுரங்க ஊர்களின் மேல் பனிச்சரிவு கூடுமா என்பதையெல்லாம் பீரோ தன் செலவிலேயே ஆராயவைத்தது. பனி அளவு மீறினால் விதைப்பை நிறுத்தவும் விதி இருந்தது. தண்ணீர் குடிப்பவன் சமவெளியில், பனியைத் தாங்குபவன் மலையில் என்ற நியாயம் அவர்களுக்கு உறைத்திருக்கிறது.

1972 ஜூன் 9 அன்று தெற்கு டகோட்டா மாநிலத்து ராபிட் சிட்டியில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையால் வெள்ளம் பாய்ந்து 238 பேர் மாண்டார்கள். அன்றைக்குப் பகலில் அந்த வட்டாரத்தில் பீரோவின் பணத்தில் ஒரு சுரங்கவியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் மேகங்களில் உப்புத்தூள் தூவியிருந்தார்கள். விசாரித்த வல்லுநர்கள், அவ்வளவு பெரிய மழைக்கு அந்தத் தூவல் காரணமாக முடியாது என்று முடிவு சொன்னார்கள். மழையின் அளவைப் பார்த்தால் அது சரியான முடிவே. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அளவைப் பேசி என்ன பயன்? வழக்குகளும் சந்தேகமும் நெடுங்காலம் தொடர்ந்தன. அதே ஆண்டுகளில் இன்னொரு செய்தியும் வெளியே வந்தது. 1967 முதல் 1972 வரை அமெரிக்க ராணுவம் வியட்நாம் போரில் எதிரியின் பாதைகளைச் சேறாக்க ரகசியமாக மேகங்களை விதைத்திருக்கிறது. வானிலையைப் போர்க்கருவியாக்குவதைத் தடுக்கும் உலக ஒப்பந்தம் 1978இல் நடைமுறைக்கு வந்தது அதன் விளைவே. குடிநீருக்காக மலையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவர்களின் மேலும் அந்தக் கறை படிந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்க நடுவண் அரசு வானிலை மாற்ற ஆய்வுக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் அளவுக்குச் செலவழித்தது. ஸ்கைவாட்டரின் கடைசிப் பெரிய முயற்சி கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் நடந்தது. ‘கூடியதா, இல்லையா’ என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, அமெரிக்கன் ஆற்றுப் படுகைக்கு மேல் விமானங்களையும் ரேடார்களையும் கொண்டுபோய், குளிர்ந்த துளிகள் புயலின் எந்தப் பகுதியில் இருக்கின்றன, எவ்வளவு நேரம் தங்குகின்றன என்று மேகத்துக்குள்ளேயே போய் அளந்தார்கள். திசை சரியாகப் பிடிபட்டிருந்தது.

அப்போதுதான் வானம் பொத்துக்கொண்டது. 1983 வசந்தத்தில் ராக்கி மலைப் பனி ஒரேயடியாக உருகிக் கொலராடோவில் வெள்ளமாக இறங்கியது. கிளென் கேன்யன் அணையின் மதகுகளுக்கு மேல் ஒட்டுப்பலகைகளை நிறுத்தித் தண்ணீரைத் தடுக்க வேண்டியதாயிற்று. உபரி நீர்ச் சுரங்கங்களின் சுவர் பெயர்ந்தது. பாறைக்குள் குடைந்த அந்த வழிகளைப் பழுதுபார்க்க ஓடிக்கொண்டிருந்த அதே துறையிடம், பனியைக் கூட்டும் ஆய்வுக்குப் பணம் கொடு என்று யார் கேட்பது? செலவைக் குறைக்கும் அரசும் பதவியில் இருந்தது. ஸ்கைவாட்டர் 1988இல் மூடப்பட்டது. இந்த வரலாற்றின் பெரிய இழப்பு அந்த ஆண்டு என்பது என் கணிப்பு. வறட்சியில் பணம் வந்தது. அள்ளித்தந்து உடனே மழை கேட்டது. ஈரம் வந்ததும் பணம் போனது. இருபத்தைந்து ஆண்டு உழைப்பில் எதை அளக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட ஆட்கள், அளக்கும் வேளை வந்தபோது கலைந்துபோனார்கள். 2003இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அறிக்கை, மேக விதைப்பு பலன் தருகிறது என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத அறிவியல் சான்று இன்னும் இல்லை என்றது. நடுவண் அரசின் ஆய்வுப் பணம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலருக்கும் கீழே போய்விட்டதையும் அது சுட்டிக்காட்டியது. சான்று இல்லாததற்கும் பணம் இல்லாததற்கும் இருந்த உறவு அந்தப் பக்கங்களிலேயே தெரிந்தது. ஆனால் விதைப்பு நிற்கவில்லை. மாநிலங்களும் மின் நிறுவனங்களும் தம் பணத்தில் தொடர்ந்து எரித்துக்கொண்டுதான் இருந்தன.

விடுபட்ட நூலை முதலில் எடுத்தது வயோமிங் மாநிலம். அதன் சட்டமன்றம் பணம் ஒதுக்கி, 2005 முதல் 2014 வரை மெடிசின் போ, சியரா மாட்ரே என்ற இரு மலைத்தொடர்களில் சோதனை நடத்தியது. ஒரே புயலில் ஒரு மலையை விதைத்து, மற்றதை விட்டு, எது எது என்று சீட்டால் தீர்மானித்தார்கள். நேர்க்கணக்கில் கிடைத்தது மூன்று விழுக்காடு. அது தற்செயலாக வந்திருக்கவும் கணிசமான வாய்ப்பு உண்டு. மாதிரிக் கணிப்புகளையும் பிற அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்து, தகுந்த புயல்களில் 5 முதல் 15 விழுக்காடு கூடலாம் என்றார்கள்.

கண்ணால் காணும் சான்று 2017 ஜனவரியில் வந்தது. ஐடஹோ மாநிலத்துப் பயட் ஆற்றுப் படுகையில், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில், அங்கே நீர்மின்சாரத்துக்காக விதைத்துவந்த மின் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு நடந்த ஆய்வு அது, பெயர் ஸ்னோயீ. லாரியில் ஏற்றிய ரேடார்களை மலையுச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு விமானம் காற்றுக்குக் குறுக்கே போவதும் வருவதுமாகப் பறந்து வெள்ளி அயோடைடு எரித்தது. குளிர்ந்த துளிகள் மட்டுமே இருந்த, பனி ஏறக்குறைய இல்லாத மேகம் அது. சற்று நேரத்தில் விமானம் போன வழியே, வளைந்து வளைந்து செல்லும் கோடுகளாக, ரேடார் திரையில் பனி தோன்றியது. இயற்கை அப்படி நேர்த்தியாகக் கோடு போடாது. துளி உறைந்தது, பருத்தது, மலையில் விழுந்தது என்று தொடக்கம் முதல் முடிவுவரை பின்தொடர்ந்து பார்க்க முடிந்தது. ஜெஃப்ரி ஃபிரெஞ்சும் சக ஆய்வாளர்களும் 2018இல் அதை வெளியிட்டார்கள். பெர்க்‌ஷர் மலைகளில் ஷேஃபர் தூவிய நாளிலிருந்து எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

எவ்வளவு தண்ணீர் என்று 2020இல் கட்ஜா ஃபிரீட்ரிக் குழு கணக்கிட்டுச் சொன்னது. அந்த ஜனவரியின் மூன்று விதைப்புகளில், 20 நிமிடம் விதைத்ததற்கு 1.2 லட்சம் கன மீட்டர். 24 நிமிடத்துக்கு 3.4 லட்சம், 86 நிமிடத்துக்கு 2.4 லட்சம். அதிக நேரம் விதைத்தால் அதிகம் என்ற கணக்கு இல்லை, எல்லாம் மேகத்தின் நிலையைப் பொறுத்தது என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிகிறது. மூன்றையும் கூட்டினால் ஒரு டிஎம்சியில் நாற்பதில் ஒரு பங்கு. ஆற்றின் பற்றாக்குறையைத் தீர்க்கப் போதாது. ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயற்கைப் பனி குறைவாக விழுந்த நாட்கள் என்பதால்தான் அந்தக் கோடுகள் துலக்கமாகத் தெரிந்தன. பெரும் புயலுக்குள் விதைத்த பனியையும் தானே விழுந்த பனியையும் பிரித்தறியும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.

கொலராடோ மறுபடி வற்றிவிட்டது. பணமும் மறுபடி வந்திருக்கிறது. 2023இல் ரெக்ளமேஷன் பீரோ மேல் படுகையின் மேக விதைப்புக்கென 24 லட்சம் டாலரைத் தெற்கு நெவாடா நீர் ஆணையத்துக்கு வழங்கியது. அதே ஆண்டில் யூட்டா மாநிலம் 1.2 கோடி டாலர் ஒதுக்கியது. 2024 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசி, கூடும் மழையோ பனியோ சுழியத்திலிருந்து 20 விழுக்காடுவரை எங்கும் இருக்கலாம் என்றும், நம்பத்தக்க தரவு போதாது என்றும் எழுதியது. ஒன்பது மாநிலங்கள் அப்போது விதைத்துக்கொண்டிருந்தன. புதிதாக வந்த டாலர்களில் எரிப்பதற்கு எவ்வளவு, அளப்பதற்கு எவ்வளவு என்று ஒவ்வொரு மாநிலத்தின் குடிமக்களும் கேட்க வேண்டும். மழை நிறைந்த ஆண்டு வந்தாலும் அளப்பதற்கான பங்கை வெட்டமாட்டோம் என்று இப்போதே சட்டத்தில் எழுதி வாங்கினால் 1988 திரும்ப வராது.

இதுவரை பார்த்தது குளிர்ந்த மலை மேகம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் சோலாப்பூருக்கு மேலே மிதப்பது வேறு வகை மேகம். அங்கே தூவும் பொருளும் வேறு. 2018, 2019ஆம் ஆண்டுகளின் பருவமழைக் காலத்தில் புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் அங்கே நடத்திய சோதனையை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)